சன்னல்காரியின் இருபத்தோராவது நாள்

உலகத்தின் பசிக்கு விடை ஒரு மாட்டின் இடது விலாவுக்குள் இருக்கிறது. கால்நடைத் தீவன ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில், ஆளுயரக் கறுப்புக் கல்லில், இப்படித்தான் பொறித்திருந்தது. அதற்குக் கீழே இயக்குநரின் பட்டங்கள். அதற்கும் கீழே, இடம் போதாமல், பொடி எழுத்தில் மேலும் இரண்டு பட்டங்கள்.

அந்த விலாவுக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பது தீவனக்காரருக்குத் தெரியும். ஒன்பது வருடங்களில் அவர் கைவிட்டு எடுத்தவை: மென்றதும் மெல்லாததுமான புல், ஒரு பிளாஸ்டிக் பையின் பாதி, மூன்று ஆணி, பார்வையிட வந்த ஓர் உயர் அதிகாரியின் கைக்கடிகாரம். கடிகாரம் பதினோரு நாள் கழித்து வெளியே வந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிகாரி வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

அந்த மாட்டுக்குக் கடைசி விலா எலும்பை ஒட்டி ஒரு சிறு தட்டின் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் பொருத்தி, மூடி போட்டிருந்தார்கள். மூடியை இழுத்தால் நேரே பெருவயிறு. மாட்டின் நான்கு வயிறுகளில் அதுதான் முதலாவது. ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம், அவ்வளவு பெரிது. பதிவேட்டில் அவள் எண் நாற்பத்தேழு. கொட்டகையில் எல்லோருக்கும் அவள் சன்னல்காரி.

தினமும் காலையில் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு போய் அந்த ஓட்டையின் விளிம்பைத் துடைப்பது தீவனக்காரரின் வேலை. வாளிச் சத்தம் கேட்டதுமே அவள் இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். வீட்டில் தன் முதுகைத் துடைத்துவிடக்கூட இந்த மனிதருக்கு நேரமில்லை என்று அவர் மனைவிக்கு ஒரு குறை உண்டு. அவளும் அதே நிலையத்தில்தான், ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சன்னலுக்குள் நடக்கும் விஷயத்தை அவருக்கு விளக்கியவர் டாக்டரம்மா. நிலையத்தின் கால்நடை மருத்துவர். பேச்சில் கொஞ்சம் காரம் தூக்கல். ஒருநாள் உள்ளிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, "பாருங்கண்ணே" என்றார். பார்த்தார். கடைத்தெருவில் கூட்டம் அலைமோதுவதுபோல் என்னென்னவோ முட்டிக்கொண்டும் சுழன்றுகொண்டும் ஓடின.

"இவங்கதான் புல்லைச் செரிக்கறாங்க. மாட்டுக்கு அந்தத் துப்பு கிடையாது. அது வெறும் வீட்டுக்காரி. குடியிருக்கறவங்கதான் சமைச்சு இவளுக்கும் போடறாங்க."

"எல்லா மாட்டுக்குள்ளயும் இதே ஆளுங்கதானாம்மா?"

"என்ன திங்குதோ அதைப் பொறுத்து. புல்லு தின்னா ஒரு கூட்டம், தானியம் தின்னா வேற கூட்டம். புல்லுக் கூட்டம் பொறுமைசாலிங்க. தானியக் கூட்டம் அவசரக்காரங்க, தின்னுட்டு அமிலத்தைக் கக்கிட்டுப் போயிட்டே இருப்பாங்க. அந்த அமிலத்தைக் குடிச்சுத் தீர்க்க மூணாவதா ஒரு கூட்டம் இருக்கு. அவங்க பெருகி வர மூணு வாரம் ஆகும். அதனாலதான் தீவனத்தை மாத்தினா கொஞ்சம் கொஞ்சமா மாத்தணுங்கறது."

தீவனக்காரருக்கு இது மனப்பாடமாகவே தெரியும், இருபத்தொரு நாள். தீவன அறைச் சுவரில் இயக்குநர் இளமையில் எழுதிய கையேட்டின் முதல் பக்கமே அதுதான், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

பிறகு இயக்குநருக்கு 'ஒரே உருண்டை' தோன்றியது.

மாடு, ஆடு, பன்றி எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம். மக்காச்சோள மாவும் வெல்லப்பாகும் சேர்த்து அழுத்திய, விரல் தடிமன் உருண்டை. முதலில் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பன்றிகள் திட்டத்தை மனமார ஆதரித்தன. மாதத்துக்குள் ஆளாளுக்கு ஒரு சுற்று பெருத்தன. அந்த உற்சாகத்தில் கூட்டம் கூட்டி, அடுத்து மாடும் ஆடும் என்று இயக்குநர் அறிவித்தார்.

டாக்டரம்மா எழுந்தார். "ஐயா, பன்னிக்கு நம்மள மாதிரி ஒத்தை வயிறு. மாவு போனா அதுவே செரிச்சுக்கும். மாட்டுக்கு அப்படி இல்லையே. அதுக்குள்ள ஒரு ஊரே இருக்கு."

"டாக்டர், நீங்க வேற்றுமையையே பார்த்துப் பழகிட்டீங்க. நான் ஒற்றுமையைப் பார்க்கறேன்."

கை தட்டினார்கள். டாக்டரம்மா உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மாடு, பன்னிரண்டு ஆடு. முப்பது நாள் சோதனை. இருபத்தொரு நாள் பழக்கம், ஒன்பது நாள் அளவெடுப்பு. இருபத்திரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தொடக்க விழா, தலைமை விருந்தினர் வருவார், சன்னலுக்குள் கைவிடுவார், படம் எடுப்பார்கள். எல்லாம் அச்சடித்தாயிற்று. உருண்டை மட்டும் வரவில்லை.

உருண்டை ஆலையில் தயாராகத்தான் கிடந்தது. சாக்குதான் சிக்கல். சாக்கின்மேல் இயக்குநர் படமும் பன்றியின் படமும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும். முதல் அச்சில் கீழே இருந்த வாசகங்கள் இடம் மாறிப்போய், 'இவரது அயராத சிந்தனையின் பலன்' என்பது பன்றிக்குக் கீழே வந்துவிட்டது. பத்தாயிரம் சாக்கு. மறுபடி அச்சடிக்கும்வரை ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

இங்கேதான் மச்சான் வருகிறார். தீவனக்காரரின் மனைவிக்கு அண்ணன். நிலையத்தின் அலுவலகத்தில் பதிவேடு எழுதுபவர். தீவனக்காரருக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவரும் அவரே. அதை அவர் வாயால் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. முகத்தாலேயே சொல்லத் தெரிந்தவர்.

முதல் நாள் சாயங்காலம் அட்டவணையோடு வந்தார். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், கடைசியில் கையெழுத்து.

"நிரப்பிடுங்க மாப்ள."

"உருண்டையே வரலையே மச்சான். எதைப் போட்டேன்னு எழுதறது?"

"வந்திருந்தா போட்டிருப்பீங்கல்ல?"

"போட்டிருப்பேன்."

"அப்புறமென்ன, அதை எழுதுங்க. கட்டம் காலியா இருந்தா மேல இருந்து கேள்வி வரும். என்னைத்தான் கேப்பாங்க, மாட்டையா கேக்கப்போறாங்க? நாளைக்கு லாரி வந்துடும்."

நாளைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மாடுகள் வழக்கம்போல் காய்ந்த புல்லைத் தின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. அட்டவணையில் உருண்டை நூறு கிராம், இருநூறு, அரைக் கிலோ என்று பக்குவமாக ஏறிக்கொண்டே போயிற்று. எழுத எழுதத் தீவனக்காரருக்கும் அதில் ஓர் ஒழுங்கு பிடித்துப்போயிற்று. பத்தாம் நாள் 'கழிச்சல் இல்லை, நன்றாக உண்கிறது' என்று குறிப்புப் பகுதியில் தானாகவே சேர்த்தார். மச்சான் தட்டிக்கொடுத்தார்.

இருபதாம் நாள் சாயங்காலம் லாரி வந்தது. படங்களுக்குக் கீழே வாசகங்கள் சரியாக இருந்தன.

இருபத்தோராம் நாள் அட்டவணைப்படி புல் கிடையாது. மாட்டுக்குக் காலையில் எட்டுக் கிலோ உருண்டை, சாயங்காலம் எட்டு. தீவனக்காரர் மச்சானைத் தீவன அறையின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மச்சான், இன்னிக்கு ஒரு பிடி மட்டும் போடறேன். நாளைக்கு ரெண்டு பிடி. இவளுங்க வயித்துக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது."

"ஒரு பிடி போட்டா மிச்சம் எங்க போச்சுன்னு கேப்பாரு. ஐயா வர்றாரு, படம் எடுக்கறவனோட வர்றாரு. அட்டவணை ஆரம்பத்துல இருந்தே பொய்யின்னு நீங்களே காட்டிக்குடுக்கறீங்களா? எனக்கு ரெண்டு பொண்ணு மாப்ள."

"எனக்கும் தெரியும், அதுங்க என்னை மாமான்னுதான் கூப்பிடுது."

"அப்ப மாமா மாதிரி நடந்துக்கங்க."

இயக்குநர் வந்தார். மேலே வெள்ளைக் கோட்டு, காலில் ஒருமுறைகூடச் சாணி படாத ரப்பர் பூட்ஸ். தீவனக்காரர் எட்டெட்டுக் கிலோவாக நிறுத்துத் தொட்டிகளில் கொட்டினார். விஷம் என்றால் விலங்குக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும் என்று சொல்பவர்கள் அன்று மாட்டுக் கொட்டகையில் நின்றிருக்க வேண்டும். ஐந்தும் பாய்ந்து தின்றன. வெல்லப்பாகின் வாசனைக்குச் சன்னல்காரி தொட்டியின் அடியைக்கூட நக்கினாள். பக்கத்துக் கொட்டகையில் ஆடுகள் மட்டும் ஒரு முகர்வு முகர்ந்துவிட்டு, உதட்டைச் சுழித்துக்கொண்டு பழைய தழைக் கட்டுக்குத் திரும்பின.

"ஆடுகளுக்கு விழிப்புணர்வு பத்தலை" என்றார் இயக்குநர்.

சாயங்காலம் மற்ற நான்கு மாடுகளும் பாதியில் நிறுத்திவிட்டன. சன்னல்காரி தன்னுடையதையும் தின்று, கழுத்தை நீட்டிப் பக்கத்துத் தொட்டியையும் தின்றாள். தீவனக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். கயிற்றைக் கொஞ்சம் சுருக்கிக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. மிச்சம் இருந்தால் எழுத வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை வாளிச் சத்தத்துக்கு அவள் திரும்பவில்லை.

தலையைத் தொங்கப்போட்டு, நான்கு காலையும் அகட்டி நின்றாள். பல்லை நறநறவென்று கடித்தாள். வாலுக்குக் கீழே மஞ்சளாக, நுரையாக, செரிக்காத மாவு வழிந்திருந்தது. மூடியை இழுத்தார். பழைய காடி வாடை முகத்தில் அடித்தது. எப்போதும் மேலே வைக்கோல் மெத்தைபோல் மிதக்கும் புல் இல்லை. சாம்பல் நிறக் கஞ்சி. வழக்கமாகக் கைவிட்டால் வயிறு சுருங்கிக் கையைப் பிடித்து அமுக்கும். அது நின்றுபோயிருந்தது.

டாக்டரம்மா ஓடிவந்தார். அமிலம் காட்டும் காகிதத்தை உள்ளே நனைத்து நிறம் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துத் துடிப்பை எண்ணினார், ஒரு சொட்டை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். தீவனக்காரரும் பின்னாலேயே போனார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"யாருமே இல்லண்ணே. ஊரே காலி."

கழுவும் தொட்டியடியில் தீவனக்காரரின் மனைவி குடுவை கழுவுவதை நிறுத்தினாள்.

"இப்பவே வயித்தைத் துப்புரவா காலி பண்ணி, கழுவி, சோடா உப்பு போட்டு, வேற மாட்டு வயித்துத் தண்ணியை உள்ள ஊத்தணும். அமிலம் ரத்தத்துல ஏறறதுக்கு முன்னாடி பண்ணினா பொழைச்சுக்குவா. ஆனா சோதனை மாட்டுல நானா கைவைக்க முடியாது. சோதனை முறைப்படி நடக்கலைன்னு எழுத்துல வந்தா, யாரையும் கேக்காம நான் அவளை வெளிய எடுத்துடலாம்." அவர் நேராகப் பார்த்தார். "அட்டவணை இருபத்தொரு நாள்னு சொல்லுது. மூணு வாரம் பழகின வயிறு இப்படி ஆகாது. உண்மையைச் சொல்லுங்க. இவ முதல்முதலா உருண்டை தின்னது எப்ப?"

ஒன்பது மணி பத்து நிமிடம். சுவர்க்கடிகாரம் தீவனக்காரருக்கு நேர் எதிரே இருந்தது. மனைவி குழாயைத் திறந்துவிட்டாள். காலிக் குடுவையில் தண்ணீர் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவள் அவரைப் பார்க்கவில்லை. அவள் அண்ணனைப் போலவே, முகத்தாலேயே சொல்லத் தெரிந்தவள்.

"அட்டவணைல இருக்கற மாதிரிதாம்மா" என்றார் தீவனக்காரர்.

டாக்டரம்மா நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார். "சரி, நான் ஐயாகிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்று போனார்.

இயக்குநர் கொடுத்த பதில் வராந்தாவரைக்கும் கேட்டது. "காலி வயித்துக்குள்ள விருந்தினர் கையை விட்டா என்ன இருக்கும்? காத்தா? விழா முடியட்டும் டாக்டர். சாதாரண அஜீரணம். நேத்து எனக்கும் இருந்துச்சு."

திரும்பி வந்த டாக்டரம்மா, வயிற்றுத் தண்ணீர் எடுக்க வேறு மாடு தேடினார். நிலையத்தில் இருந்ததே ஐந்து மாடு. ஐந்தும் உருண்டை தின்றவை. மற்ற நான்கும் எழுந்து நின்றாலும் கழிந்துகொண்டிருந்தன. ஆட்டுக் கொட்டகைக்குப் போய் ஒவ்வோர் ஆட்டின் வாயிலும் குழாய் செருகி உறிஞ்சினார். பன்னிரண்டு ஆட்டுக்கும் சேர்த்து இரண்டே கால் லிட்டர். மாட்டுக்குக் குறைந்தது பத்து லிட்டராவது வேண்டும்.

குடுவையைப் பிடித்துக்கொண்டிருந்த தீவனக்காரர் கேட்டார், "ஆட்டுக்குள்ள இருக்கறவங்க மாட்டுக்குள்ள போனா தங்குவாங்களாம்மா?"

"சில பேர் தங்குவாங்க. சில பேர் இது நம்ம வீடு இல்லைன்னு மூட்டையைக் கட்டிடுவாங்க. காலி வீட்டுக்கு யார் வந்தா என்ன, வந்தாப் போதும்." பிறகு அவரைப் பார்க்காமலே, "நீங்க காலைல வேற மாதிரி சொல்லியிருந்தா இந்நேரம் கழுவி முடிச்சிருப்பேன்னு நினைக்கறேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க."

அதற்குமேல் தீவனக்காரரால் முடியவில்லை. பத்தரை மணிக்கு இயக்குநரின் அறைக்குப் போய்க் கதவோரம் நின்றார். இயக்குநர் கண்ணாடி முன் உரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அட்டவணை பொய்யிங்க. இருபது நாளும் புல்லுதான் போட்டேன். நேத்துதான் மொதமொதல்ல உருண்டை. அவளைக் காலி பண்ண விடுங்கய்யா."

இயக்குநர் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளேயே அவரைப் பார்த்தார்.

"அது யார் கையெழுத்து?"

"என்னோடதுங்க."

"அப்ப கையெழுத்து பொய்யா, நீ இப்ப சொல்றது பொய்யா?"

தீவனக்காரர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநரே முடித்துவிட்டார். "விழா முடிஞ்சு பேசுவோம். போய் அவளைக் குளிப்பாட்டி நிறுத்து."

குளிப்பாட்டினார். தண்ணீர் பட்ட இடமெல்லாம் தோல் துடித்தது. காது சில்லென்றிருந்தது. பதினொன்றேகாலுக்கு விருந்தினரும் கூட்டமும் கொட்டகைக்குள் வந்தபோது, பார்ப்பவர்களுக்குத் தீவனக்காரர் கயிற்றைப் பிடித்து நிற்பதுபோல் இருந்தது. உண்மையில் அவர் வலத்தோளை அவள் மார்பில் முட்டுக்கொடுத்து நின்றார். அவள் பாரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

விருந்தினர் தோள்வரை நீண்ட பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, முகத்தைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டார்.

"அட, சூடா இருக்கே!"

"பசியின் விடை சார், அதைத்தான் தொடறீங்க" என்றார் இயக்குநர்.

"உள்ள ஏதோ அசையும், கையைப் பிடிக்கும்னு சொன்னாங்க? ரொம்ப அமைதியா இருக்கு."

"அமைதிதான் சார் நம்ம திட்டத்தோட வெற்றி. பழைய தீவனத்துல வயிறு ஓயாம வேலை செய்யும். உருண்டையில அந்த அவஸ்தையே கிடையாது."

கை தட்டினார்கள். படம் எடுப்பவர் இன்னொருமுறை சிரிக்கச் சொன்னார். சன்னல்காரியின் முன்னங்கால்கள் மடங்கின. தீவனக்காரர் பல்லைக் கடித்துத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவள் முழங்காலில் இறங்கினாள்.

"உங்களுக்கு மரியாதை பண்றா சார்" என்றார் இயக்குநர். கூட்டம் சிரித்துக்கொண்டே தேநீருக்குக் கலைந்தது.

பன்னிரண்டரைக்குத்தான் காலி செய்ய அனுமதி வந்தது. படுத்த மாட்டின் சன்னல் வழியாகத் தீவனக்காரரும் டாக்டரம்மாவும் மாறி மாறி அள்ளினார்கள். ஏழு வாளி. வெந்நீர் விட்டுக் கழுவி, சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, கடைசியில் ஆட்டுத் தண்ணீரை ஊற்றினார்கள். அவ்வளவு பெரிய வயிற்றில் இரண்டே கால் லிட்டர் போன இடம் தெரியவில்லை. தீவனக்காரர் கையை உள்ளேயே வைத்திருந்தார். ஒரு சுருக்கம், ஓர் அசைவு, ஏதாவது. டாக்டரம்மா எடுக்கச் சொல்லவில்லை. மூன்று நாற்பதுக்கு அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அதன் பிறகும் உள்ளே சூடு இருந்தது. அந்தச் சூடு குறையும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளோடு வீட்டுக்கே வந்தார். மச்சானும் அங்கேதான் இருந்தார்.

"திடீர்னு தீவனம் மாறினதால சாவுன்னு நான் எழுதிட்டேன். அட்டவணை வேற சொல்லுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணே. இருபது நாள் போடலைன்னு. அடுத்த வாரம் இந்த மூட்டை ஊர் ஊரா போகப்போகுது. பன்னிப் படம் போட்ட சாக்கைப் பிரிச்சு மாட்டுக்குக் கொட்டப்போறாங்க. எத்தனை கொட்டகைன்னு நினைச்சுப் பாருங்க."

தீவனக்காரர் பேனாவை எடுத்தார்.

"எழுதினா அவ எழுந்து வரப்போறாளா?" என்றாள் மனைவி, மெதுவாக. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார்.

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பி, மூக்கை உறிஞ்சினார். அவர் அழுகிறாரா சளியா என்று தீவனக்காரருக்குத் தெரியவில்லை. பேனாவின் முனை தாளின்மேல் நின்றிருந்தது. மை ஊறி ஒரு புள்ளி பெருத்தது. அதற்குமேல் கை நகரவில்லை.

டாக்டரம்மா புள்ளியோடு தாளை எடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கதவை அறைந்து சாத்தவில்லை. மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

சாயங்காலம் மச்சான் அட்டவணையை விரித்தார்.

"நாலு மாட்டை வெச்சு முடிவு சொன்னா ஏத்துக்க மாட்டாங்களாம் மாப்ள. அஞ்சு வேணுமாம்."

தீவனக்காரர் கையெழுத்துப் போட்டார். அச்சாகி வந்த அறிக்கையின் பதினாறாம் பக்கத்தில் இருக்கிறது: எண் நாற்பத்தேழு, செத்த பிறகு எட்டு நாளில், நான்கு கிலோ எடை கூடியிருந்தது.